நிலைப்படிக்கு வெளியே ஒரு ஹாலோவீன்

ஹாலோவீன் எனக்குப் பிடிக்காது. பேய் பிசாசுக்குப் பயந்து அல்ல. லண்டன் செவன் கிங்ஸில் எங்கள் தெருவில் அந்த ஒரு மாலையில் வேஷம் போட்ட பிள்ளைகள் வீடு வீடாக இனிப்புக் கேட்டு அழைப்புமணிகளை அடிக்கிற அடிக்கு உண்மையான பேய் வந்தாலும் திரும்பி ஓடிவிடும். அதோடு, வருடம் முழுவதும் வீட்டு மூலையெல்லாம் சிலந்திவலை அடித்துக் களைக்கும் எங்கள் சனமே, அன்றைக்குக் கடையில் சிலந்திவலை வாங்கி வந்து கதவில் கட்டுகிறது. அதைப் பார்த்தால் எனக்கு எரிச்சலும் சிரிப்பும் சேர்ந்து வரும்.

ஆனால் என் மகளுக்கு அந்த மாலை வேண்டியிருந்தது. அவளுக்கு அப்போது ஏழு வயது. சத்தம், வெளிச்சம், மணம், யாராவது தொடுவது, எல்லாமே அவளுக்கு எங்களை விடப் பல மடங்கு உறைக்கும். சட்டைக் கழுத்திலுள்ள லேபிள் அவளுக்கு முள். குக்கர் விசிலடித்தால் முகம் வெளிறிப்போகும். ஓட்டிசம் என்று டாக்டர்கள் சொன்னபோது எங்களுக்கு அது புதுச் செய்தியாக இருக்கவில்லை. கூடவே இருக்கிற எங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. தெரியாதவர்கள்தான் வாய் திறந்தார்கள். ஒரு ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நிற்கும்போது, "பிள்ளைக்குச் செல்லம் குடுத்துப் பழுதாக்கிப் போட்டியள்" என்றார் ஒரு அக்கா. "ஓம் அக்கா, நீங்களும் கொஞ்சம் செல்லம் குடுத்துப் பாருங்கோ" என்றேன். அதற்குப் பிறகு பூசையில் சமாதானம் சொல்லும் நேரம் வந்தால் அவர் எனக்குக் கை தருவதில்லை.

முந்திய வருட ஹாலோவீனில் அவளை நாங்கள் ஒரு வீட்டுக்குத்தான் கூட்டிப் போனோம். மணியை அழுத்தியதும் கதவில் தொங்கிய பிளாஸ்டிக் எலும்புக்கூடு கண்ணில் சிவப்பு விளக்கெரிய வீரிட்டுக் கத்தியது. கதவு திறந்தது. முகமூடி போட்ட யாரோ குனிந்து அவள் கன்னத்தைத் தொட்டார். அவர் மேல் பிழையில்லை, அன்பாகத்தான் தொட்டார். மகள் காதைப் பொத்திக்கொண்டு நடைபாதையிலேயே குந்தி இருந்துவிட்டாள். கணவர் அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அதன் பிறகு அவளுக்குக் கதவென்றாலே பயம். எங்கள் வீட்டுக் கதவும் அதில் அடக்கம். யாராவது மணியடித்தால் படிக்கட்டுக்குக் கீழே இருக்கிற அலுமாரிக்குள் போய்ப் பதுங்குவாள். வந்தவர்கள் போகும் வரை நடுங்கிக்கொண்டே இருப்பாள். கணவர் மணியின் பற்றறியைக் கழற்றினார். பிறகு ஆட்கள் கதவைத் தட்டினார்கள். கடைசியில் ஆட்களையே வரவேண்டாம் என்று சொல்லவேண்டியதாயிற்று. எங்கள் ஆட்களிடம் வராதீர்கள் என்று சொல்வது லேசான காரியமா? சிலர் கோபித்தார்கள். சிலர் கோபிக்காமலே வருவதை விட்டார்கள். அந்த டிசம்பரில் நத்தார் பண்டிகைக்குச் சுட்ட பலகாரத்தை நாங்கள் மூவருமே தின்று முடித்தோம். எனக்கு அழுகையாக வந்தது. ஆட்கள் வராத வீட்டில் வளர்ந்து என் பிள்ளை ஆட்களே இல்லாதவளாகிவிடுவாளோ என்ற ஒரே பயம்தான் அந்த வருடம் முழுக்க எனக்கு.

அப்படியிருக்க, அடுத்த ஒக்டோபரில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில், "அம்மா, நான் ட்ரிக் ஓர் ட்ரீட் போகோணும். ஒரு வீடு மட்டும்" என்றாள்.

"எந்த வீடு?" என்று கணவர் மெல்லக் கேட்டார்.

"முன்வீட்டு ஆன்ட்டி."

முன்வீட்டு ஆன்ட்டி யாழ்ப்பாணத்துக்காரி. பல வருடம் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பெரிய அடுப்புகளின் இரைச்சலுக்கு மேலால் பேசிப் பழகிய குரல், அது இன்னும் இறங்கவில்லை. அவர் வீட்டில் எப்போதும் ஏதாவது எண்ணெயில் பொரியும். பிள்ளைகளைக் கண்டால் கட்டிப்பிடித்துக் கொஞ்சாமல் விடமாட்டார். இத்தனை வீடு இருக்க இந்த வீடா?

"ஏன் அந்த வீடு?"

"கதவு பச்சை. பச்சை லவுட் இல்லை."

சரி, அந்த வீடே என்று முடிவு செய்தோம்.

என்ன வேஷம் என்று கேட்டதற்கு, உருளைக்கிழங்கு என்றாள். அது எனக்குப் பெரிய நிம்மதி. மினுங்கும் துணி இல்லை, முகத்தில் பூச்சு இல்லை, தலையில் எதுவும் இல்லை. தகப்பனின் பழைய மண்ணிற ஸ்வெற்றர் துவைத்துத் துவைத்து மெத்தென்றாகியிருந்தது. லேபிளை வெட்டி, கையைச் சுருட்டி விட்டேன். உலகத்தில் அதைவிட நல்ல உருளைக்கிழங்கு இருக்கமுடியாது.

ஒரு பகலில் முன்வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். மணியடிக்கமாட்டோம், வாசலுக்கு வந்ததும் போனில் செய்தி அனுப்புவேன். வாசல் விளக்கு வேண்டாம். டிவி வேண்டாம். அன்றைக்கு மட்டும் பொரியல் வேண்டாம். தொடவேண்டாம். சொல்லச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது.

"கதைக்கலாமோ?" என்று கேட்டார் ஆன்ட்டி.

"கதைக்காட்டில் நல்லம்."

"அப்ப என்ன, நான் சிலையோ?" என்று சத்தமாகச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். "சரி பிள்ளை. குஞ்சுக்காக ஒருக்கா வாயை மூடிக்கொண்டு நிக்கிறன். என்ரை மகன் கேட்டால் நம்பமாட்டான்."

அவள் சாப்பிடுகிற வெள்ளைச் சொக்லேற்றை ஒரு துணிப்பையில் போட்டு அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன். பிளாஸ்டிக் பை சரசரக்கும்.

அதன் பிறகு பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தினமும் ஒத்திகை. முதலில் தெருவைக் கடந்து அவர்கள் கேற் வரை போய்த் திரும்பினோம். பிறகு கேற்றுக்குள் கொஞ்சத் தூரம். பிறகு கதவு வரை. ஜன்னல் திரை ஆடுவதை நான் ஒவ்வொரு நாளும் பார்த்தேன். ஆன்ட்டி ஒருநாளும் வெளியே வரவில்லை. அவருடைய சுபாவத்துக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்கு மற்றப் பிள்ளைகள் கிளம்ப முன்னமே, வெளிச்சம் கொஞ்சம் இருக்கும்போதே போனோம். செய்தி அனுப்பினேன். பச்சைக் கதவு மெதுவாகத் திறந்தது. இருட்டான கொரிடோரில், வீட்டில் போடுகிற நீளச் சோட்டிக்கு மேல் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, உதட்டை இறுக்கி மூடியபடி ஆன்ட்டி நின்றார். கையில் துணிப்பை.

மகள் தன் பையை நீட்டினாள். ஆன்ட்டி கொடுக்கவில்லை.

மகள் இன்னும் கொஞ்சம் நீட்டினாள். ஆன்ட்டி துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். கண்ணால் கீழே காட்டினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருவருக்கும் நடுவில் நிலைப்படி. எங்கள் ஆட்கள் நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கத்துக்கு ஒன்றும் கொடுக்கமாட்டார்கள், அது வீட்டுக்கும் ஆகாது, வாங்குகிறவருக்கும் ஆகாது. எல்லாவற்றையும் யோசித்த நான் இதை யோசிக்கவில்லை. வெள்ளைக்காரர் கண்டுபிடித்த இந்தக் கொண்டாட்டமே நிலைப்படியில் நின்று வாங்குவதுதானே! வாயைத் திறந்து, "உள்ளுக்கு வா குஞ்சு" என்று சொல்லவும் ஆன்ட்டிக்கு வழியில்லை. வாயை மூடச் சொன்னது நான்.

மகளின் விரல்கள் தொடையில் தட்டத் தொடங்கின. அது நல்ல அறிகுறியல்ல.

ஆன்ட்டி வெளியே வந்தார். செருப்பில்லாத காலை ஈரச் சீமெந்தில் வைத்தார். உள்ளேயிருந்து பிரிட்ஜ் இரையும் சத்தம் வந்துகொண்டிருந்தது. அதுவும் பிள்ளைக்குக் கேட்கக்கூடாது என்று நினைத்திருக்கவேண்டும், கதவைப் பின்னால் மெதுவாகச் சாத்தினார். துணிப்பையை மகளின் பைக்குள் வைத்தார், கை படாமல்.

"தாங்க்யூ" என்றாள் மகள். காதைப் பொத்தவில்லை, விரல்களும் நின்றுவிட்டன. எனக்கு உடம்பெல்லாம் பூரித்தது.

ஆன்ட்டியின் முகம் மட்டும் மாறிக்கொண்டு வந்தது. கதவைத் தள்ளிப் பார்த்தார். தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு. என் பக்கம் திரும்பி, கையால் பூட்டில் திறப்பைத் திருகுவதுபோலக் காட்டி, வீட்டுக்குள்ளே சுட்டினார். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

"ஆன்ட்டி, இப்ப கதைக்கலாம்" என்றாள் மகள்.

"ஐயோ பிள்ளை, திறப்பு உள்ளுக்கு! போனும் உள்ளுக்கு!" என்று ஆன்ட்டி ரகசியக் குரலில் சொன்னார். அந்தத் தொண்டையில் அப்படியொரு குரல் இருப்பது எனக்குத் தெரியாது. "மகன் ஷிப்ட் முடிஞ்சு வர இன்னும் நேரமிருக்கு. பரவாயில்லை, நான் இந்த மதில்ல இருக்கிறன். நீங்கள் குஞ்சைக் கூட்டிக்கொண்டு போங்கோ."

மழை தூறத் தொடங்கியிருந்தது. தெரு முனையில் மற்றப் பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. எதிரே எங்கள் வீடு. வேறு எந்தத் தமிழ்க் குடும்பத்திலும் இதற்கு ஒரு நிமிட யோசனை தேவைப்பட்டிருக்காது. எனக்காக வாயைக் கட்டி, வெறுங்காலோடு நிற்கிற மனுசியை வீட்டுக்கு வாருங்கள் என்று கூப்பிட முடியாமல் நின்றேன். என் மேலும் கோபம், உலகத்தின் மேலும் கோபம்.

மகள் ஆன்ட்டியின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கால் கோல்டா?"

"ஓம் குஞ்சு, கொஞ்சம்."

மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். பாதி வழியில் திரும்பிப் பார்த்து, "ஆன்ட்டி, கம்" என்றாள். எங்கள் வாசலுக்கு வந்ததும், "இதில நில்லுங்கோ" என்று எங்கள் இருவரையும் வெளியே நிறுத்திவிட்டுத் தான் மட்டும் உள்ளே போனாள். தூறலில் நின்றோம். கொரிடோர் விளக்கு அணைந்தது. ரேடியோ நின்றது. குசினிக் கதவு சாத்தப்பட்டது. பிறகு அவள் குரல் கேட்டது: "அப்பா, சத்தம் போடக்கூடாது. தொடக்கூடாது. ஆன்ட்டிக்கு இது புது வீடு. அவவுக்குப் பயமா இருக்கும்."

ஆன்ட்டி கம்பளிச் சட்டையின் கையால் கண்ணைத் துடைத்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நானும் அங்கேயே உடைந்திருப்பேன்.

மகள் கதவை அகலத் திறந்து ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றாள். ஆன்ட்டி உள்ளே வந்தார். என் கணவர் கையில் அகப்பையோடு படிக்கட்டடியில் மூச்சுக்கூட விடாமல் நின்றார். நான் ஆன்ட்டிக்கு ஒரு சோடி கம்பளிக் காலுறை எடுத்துக் கொடுத்து, கணவரின் போனில் ஆன்ட்டியின் மகனுக்குச் செய்தி அனுப்பச் சொல்லிவிட்டு, தேத்தண்ணி போடுகிறேன் என்று குசினிக்குள் போய் அழுதேன்.

தேத்தண்ணியோடு நான் வரும்போது ஆன்ட்டி சோபாவின் நுனியில் ஒடுங்கி இருந்தார். மகள் எதிரே தரையில் குந்தியிருந்து சொக்லேற்றைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"குஞ்சு, மகன் வருமட்டும் நான் இஞ்ச இருக்கலாமோ?" என்று ஆன்ட்டி ரகசியமாகக் கேட்டார்.

மகள் எதையும் யோசிக்காமல் சொல்கிறவள் அல்ல. வாயிலிருந்த துண்டை விழுங்கினாள்.

"ஓம்," என்றாள். "பிறகும் இருக்கலாம்."