மல்லாட்டை என் பேச்சைக் கேட்டதில்லை

எங்கள் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் பதினொரு வருஷமாக ஒரு வீடியோ கேம் பெட்டி இருக்கிறது. நீல நிறம், கைக்கு அடக்கமான அளவு, புத்தகம்போல மடங்கும். கல்யாணம் காட்சிக்கென்று புடவை எடுக்கும்போதெல்லாம் அதையும் எடுத்து, சார்ஜ் போட்டு, உயிர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவேன். போன மாதம் ஒரு காலையில் குக்கர் விசிலுக்காகக் காத்திருந்தபோது, அந்தப் பெட்டியிலுள்ள விளையாட்டின் இரண்டாம் பாகம் வரப்போகிறது என்று செல்போனில் ஒரு முன்னோட்டம் ஓடியது. ஒன்றரை நிமிஷம்தான். கடைசியில், முதல் பாகத்தில் யாருக்கும் திறக்காத அந்தக் கல் கதவு ஒரு விரல் அகலத்துக்குத் திறந்து உள்ளிருந்து வெளிச்சம் வந்தது. குக்கர் எத்தனை விசில் விட்டதோ, அன்றைக்குச் சாதம் கூழாகிவிட்டது. எனக்கு நாத்தனார் ஞாபகம்தான் வந்தது. அவளும் இந்நேரம் இதைப் பார்த்திருப்பாள்.

நான் விழுப்புரத்துப் பெண். கல்யாணமாகித் திண்டிவனத்துக்கு வந்தபோது என் துணிப்பெட்டிக்குள் இந்த நீலப் பெட்டியும் ஒளிந்து வந்தது. கல்லூரியில் படிக்கும்போது குவைத்திலிருந்து மாமா கொண்டுவந்து கொடுத்தது. காடுமேடெல்லாம் சுற்றிப் பூதங்களைப் பிடித்து, வளர்த்து, மற்ற பூதங்களோடு சண்டைக்கு விடுகிற விளையாட்டு. புது மருமகள் இதையெல்லாம் வெளியில் எடுக்க முடியுமா? ஒரு மாதம் அதைத் தொடவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மொட்டைமாடியில் துணி காயவைக்கப் போன இடத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து அந்த விளையாட்டின் இசை கேட்டது. எட்டிப் பார்த்தால், நாத்தனார் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு சிவப்புப் பெட்டியை வைத்துக்கொண்டு விளையாடிக்கொண்டிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் துப்பட்டாவால் மூடினாள். “இந்தக் காட்டுல மழை பேஞ்சாத்தான் நீ தேடுற பூதம் வெளிய வரும்” என்றேன். அவள் வாயைப் பிளந்தாள்.

அவள் என் கணவருக்குத் தங்கை, என்னைவிட இரண்டு வயது சிறியவள். வீட்டில் பாப்பா என்று கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு செல்போன் சர்வீஸ் கடையில் வேலை பார்த்தாள். அவள் கை பட்டால் தண்ணீரில் விழுந்த போன்கூடப் பேசும். யாரோ ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு வாங்கிப்போக வராத பெட்டியைக் கடைக்காரர் அவளுக்கே கொடுத்திருந்தார். அண்ணியும் நாத்தனாரும் என்றால் ஊர் எதிர்பார்ப்பது வேறு. நாங்களோ சாயங்காலம் ஆனதும் முறத்தில் மல்லாட்டையை, அதுதான் வேர்க்கடலையை, கொட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவோம். உரிப்பது பேருக்குத்தான். “கழுதை வயசாவுது, ரெண்டு பேரும் பொட்டிய வச்சிக்கினு நோண்டினு இருக்கீங்க” என்று என் கணவர் கிண்டல் செய்வார். ஆனால் அம்மாவிடம் போய்ச் சொன்னதில்லை, அந்த மட்டும் நல்ல மனிதர்.

அவள் பிடித்த பூதங்களில் அவளுக்கு உயிர் ஒன்றின் மேல்தான். ஆமை மாதிரி இருக்கும், ஆனால் ஓடு நீளமாக, நடுவில் இடுப்புப் பிடித்து, அசல் வேர்க்கடலைதான். மல்லாட்டை என்று பெயர் வைத்தாள். கேப்பை, புளிமூட்டை, கண்டக்டர் என்று மற்றவற்றுக்கும் பெயர் உண்டு, ஆனால் மல்லாட்டை இல்லாமல் அவள் சண்டைக்கே போகமாட்டாள். விளையாட்டின் முடிவில் ஒரு கல் கதவு வரும். நானூறு பூதங்களைப் பிடித்தவர்களுக்கும் அது திறக்காது. இரண்டாம் பாகத்தில் திறக்கும் என்று பேச்சு. உள்ளே என்ன இருக்கும் என்பதில் எங்களுக்குள் தினம் ஒரு சண்டை. நான் கடல் என்பேன். அவள், “போங்க அண்ணி, அங்க இன்னொரு ஊரு இருக்கும்” என்பாள். “ரெண்டாம் பாகம் வரட்டும். அன்னிக்கு ரெண்டு பேரும் லீவு போட்டுட்டு, ஒண்ணா உக்காந்துக்கினு கதவத் தொறக்கலாம். நீங்க மட்டும் தனியா உள்ள பூந்துடக் கூடாது, சொல்லிட்டேன்.”

மல்லாட்டை அடுத்த உருவத்துக்கு மாற வேண்டுமென்றால் அதை இன்னொருவர் பெட்டிக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். அங்கே போனதும் மாறும். பிறகு திருப்பி வாங்கிக்கொள்ளலாம். அவள் அதற்குப் பல நாள் தயங்கினாள், பெண்ணைக் கட்டிக்கொடுக்கிறவள்போல. கடைசியில் மனசு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானத்தில். அன்று மாலை நான்கு மணிக்கு அவளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. படபடப்பைக் குறைக்க அவளேதான், “இப்ப மாத்திடலாம் அண்ணி” என்றாள். பதிலுக்கு நான் ஒன்றுக்கும் உதவாத என் ஈசல் பூதத்தைக் கொடுத்தேன். என் திரையில் மல்லாட்டையின் ஓடு இரண்டாகப் பிளந்து சிறகு முளைத்தது. இருவரும் கட்டிலில் குதித்துக் கத்தினோம்.

அந்தக் கத்தலில் வாசலில் கார் நின்றது கேட்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் நல்ல நேரம் பார்த்து முன்னதாகவே வந்துவிட்டார்கள். நான் என் பெட்டியைப் பீரோவில் புடவைக்கு அடியில் செருகினேன். அவளை அவசரமாக அலங்கரித்து அழைத்துப்போனேன். அவளுடைய சிவப்புப் பெட்டி கட்டிலிலேயே கிடந்து பாடிக்கொண்டிருந்தது. கை கழுவ உள்ளே வந்த மாப்பிள்ளையின் அத்தை அதைக் கையில் எடுத்துக்கொண்டு கூடத்துக்கே வந்துவிட்டார். “இது யாருது? வீட்டுல சின்னப் பசங்க யாரும் இல்லன்னீங்களே?”

மாமியார் எங்கள் இருவரையும் பார்த்தார். நாத்தனார் என்னைப் பார்த்தாள். ‘என்னுது’ என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கல்யாணமாகி வந்தவள், என்னை யார் என்ன செய்துவிட முடியும்? மாமியார் நாலு நாள் முணுமுணுத்திருப்பார், அவ்வளவுதான். நான் காபி டம்ளர்களைச் சரியாக அடுக்குவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டேன். “என்னுதுதான்” என்றாள் அவள். அவர்கள் கேசரியைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். பெண் இன்னும் விளையாட்டுப் புத்தியாக இருக்கிறது என்று மறுநாள் சொல்லியனுப்பினார்கள். மாமியார் சிவப்புப் பெட்டியைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார். அந்த இடம் போனதில் அவளுக்கு வருத்தமில்லை. அன்றிரவு பாத்திரம் கழுவும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னா அண்ணி கொறஞ்சிட்டிருப்பீங்க?” அதன் பிறகு அவள் மாடிக்கு வரவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அவளுக்குக் கல்யாணமானது. நல்ல பிள்ளை, பள்ளிக்கூட வாத்தியார், ஊர் விழுப்புரம். என் ஊருக்கு அவள் வாழப் போனாள், அவள் ஊரில் நான் இருக்கிறேன். புறப்படும்போது மாமியார் சிவப்புப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார். அதை வாங்கிப் பையில் வைத்தாளே தவிர என் பக்கம் திரும்பவில்லை. விசேஷங்களில் பார்த்தால் “வாங்க அண்ணி, சாப்டீங்களா?” என்பாள். அந்த மரியாதைதான் என்னைக் கொன்றது. மல்லாட்டை மட்டும் என்னிடமே தங்கிவிட்டது. வேறொருவர் பிடித்து வளர்த்த பூதம் நம் சொல்லுக்கு அடங்காது, அந்த விளையாட்டின் விதி அப்படி. சண்டைக்கு விட்டால் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்ளும், இல்லாவிட்டால் தூங்கும். நான் எத்தனை பொத்தானை அழுத்தினாலும் அது நாத்தனாரின் பூதம்தான்.

இரண்டாம் பாகத்தின் அறிவிப்பில் ஒரு வரி இருந்தது. பழைய பெட்டியிலுள்ள பூதங்களைப் புதிய விளையாட்டுக்குக் கொண்டுபோகலாம், ஆனால் ஒருமுறை போனால் பழைய பெட்டிக்குத் திரும்பாது. அதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவளுடையதை அவளிடம் சேர்க்காமல் நான் அந்தக் கதவுக்குள் போக முடியாது. போன ஞாயிற்றுக்கிழமை பெட்டியை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறினேன். விக்கிரவாண்டி வருவதற்குள் மூன்று முறை இறங்கிவிடலாமா என்று நினைத்தேன்.

வீட்டு முன்னறையிலேயே கடை வைத்திருக்கிறாள். கண்ணில் பூதக்கண்ணாடியோடு ஒரு போனைப் பிரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, “வாங்க அண்ணி” என்றாள். அடுத்தது ‘சாப்டீங்களா’தான் என்று தெரியும். அதற்குள் நான் நீலப் பெட்டியை மேசைமேல் வைத்தேன். “அன்னிக்கு நான் வாயத் தொறக்காம இருந்தது தப்பு பாப்பா. உங்கம்மாவுக்குப் பயந்துக்கினு உன்ன விட்டுட்டேன்.” பஸ்ஸில் மனப்பாடம் செய்து வந்தது இதைவிட நீளம். அவ்வளவுதான் வந்தது.

அவள் மேசை இழுப்பறையைத் திறந்தாள். சிவப்புப் பெட்டி. திறந்ததும் விளக்கு பச்சையாக எரிந்தது. முழு சார்ஜ். “உங்க ஈசலு சொன்ன பேச்சே கேக்க மாட்டுது அண்ணி” என்றாள். “எத்தினி வருஷமா கெஞ்சினு இருக்கேன்.” எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவளுக்கும் கண் கலங்கியிருந்தது, பூதக்கண்ணாடியைத் துடைப்பதுபோல மறைத்தாள்.

இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் வைத்தோம். மாற்றிக்கொள்ளச் சம்மதமா என்று இரண்டு திரைகளும் கேட்டன. நான் உடனே அழுத்தினேன். அவள் விரலைப் பொத்தான்மேல் வைத்தவள், எடுத்துவிட்டு, வேண்டாம் என்பதை அழுத்தினாள்.

“இப்பவே மாத்திட்டா நீங்க பாட்டுக்குப் போயிடுவீங்க. ரெண்டாம் பாகம் வர்ற அன்னிக்கு மாத்திக்கலாம். அதுவரைக்கும் அது உங்ககிட்டயே இருக்கட்டும். அப்பத்தான் நீங்க வருவீங்க.”

அடுத்த மாதம் அந்த நாளுக்கு ஆபீசில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். என்ன காரணம் என்று கேட்டார்கள். நாத்தனார் வீட்டு விசேஷம் என்றேன். நீலப் பெட்டி இப்போது பீரோவில் இல்லை. சமையலறையில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கிறது. இன்று காலை மாமியார் அதை எடுத்துப் பார்த்து, “இது யாருது?” என்று கேட்டார். “என்னுதுதான் அத்த” என்றேன்.