காலருக்குள் ஒரு மஞ்சள் கறை

தஞ்சாவூர் வீட்டில் என் அறை அலமாரியின் கீழ்த்தட்டில், பள்ளிக்கூட நாளிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டை கிடக்கிறது. லினன் துணி. அப்பா சென்னைக்குப் போனபோது எனக்காக வாங்கி வந்தது. காலருக்குள்ளே, பின்கழுத்து படுகிற இடத்தில், ஒரு விரல் நீளத்துக்கு மஞ்சள் கறை. கறை பட்ட அன்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நானே அதைத் துவைத்தேன். அதற்கு முன் ஒரு கைக்குட்டையைக்கூடத் துவைத்தவனில்லை. சோப்புப் பட்டதும் மஞ்சள் சிவந்துபோய்விட்டது, பதறிப்போனேன். நன்றாக அலசிய பிறகு திரும்பவும் மஞ்சளானது. மஞ்சள் கறைக்கு வெயில்தான் மருந்து என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மொட்டைமாடிக் கொடியில் ஒரு பகல் கிடந்தால் தானாக வெளுத்துவிடும். நான் சட்டையை அறைக்குள்ளேயே, மின்விசிறிக்குக் கீழே, நாற்காலி முதுகில் போட்டுக் காயவைத்தேன்.

அந்தக் கறைக்குக் காரணமானவனைச் சின்ன முதலாளி என்பார்கள். அவன் அப்பாவுக்குத் தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம், குத்தாலம் வழியாக மயிலாடுதுறை வரை ஓடும் பேருந்துகள் இருந்தன. டிரைவர், கண்டக்டர், செக்கர் எல்லோருக்கும் பதினேழு வயசுப் பையன் சின்ன முதலாளி. பத்தாவது வரை கொடைக்கானலில் விடுதிப் பள்ளியில் இருந்துவிட்டு, பதினொன்றாம் வகுப்புக்கு எங்கள் பள்ளியில் வந்து சேர்ந்தான். நான் கிண்டலுக்கு அவனை முதலாளி என்று கூப்பிட ஆரம்பித்தேன். என் அப்பா குழந்தைகள் மருத்துவர், சொந்தமாக நர்சிங் ஹோம் வைத்திருந்தார். அதனால் அவன் என்னை டாக்டர் என்றான். நான் டாக்டர் ஆகவில்லை. சென்னையில் வீடுகளுக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறேன். அவன் மட்டும் இன்றைக்கும் என்னை டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறான்.

எங்கள் கூட்டத்தில் ரைஸ் மில் வீட்டுப் பையன், நகைக்கடை வீட்டுப் பையன், ஜவுளிக்கடை வீட்டுப் பையன் என்று எல்லாருமே வசதியானவர்கள். எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. அதனாலோ என்னவோ ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் முதலாளி வீட்டு வெள்ளைக் காரை எடுக்கச் சொல்லி, டிரைவர் அண்ணனை ஓட்டவிட்டு, மெடிக்கல் காலேஜ் ரோட்டிலிருந்து கிளம்பிக் கல்லணை வரை போவோம். இறங்க மாட்டோம். காரைத் திருப்பிக்கொண்டு வருவோம். வழியெல்லாம் இரண்டு பக்கமும் வயல். எது குறுவை, எது சம்பா என்று எங்களில் ஒருவனுக்கும் சொல்லத் தெரியாது. எங்கள் குடும்பத்துக்கே குத்தாலத்துப் பக்கம் நிலம் இருந்தது, குத்தகைக்கு விட்டிருந்தோம். அதன் வரப்பில் நான் கால் வைத்ததில்லை.

காருக்குள் பேச்செல்லாம் டியூஷன் பெண்களைப் பற்றித்தான். யாருக்கு யார், யார் யாரைத் திரும்பிப் பார்த்தாள், யார் போனில் பதில் போட்டாள். என் முறை வந்தால் நானும் ஒரு பெயரைச் சொல்லிவைப்பேன். எப்போதும் ஒரே பெயர், மறந்து மாற்றிச் சொல்லிவிடக் கூடாதே என்று. எனக்குப் பிடித்திருந்தது முன் சீட்டில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தவனைத்தான். இதை இப்போது எழுத முடிகிறது. அப்போது எனக்குள்ளேயே சொல்லிக்கொள்ளவும் பயம். அவன் உட்கார்ந்தால் வலது கால் தானாக ஆடும். "காலாட்டாதடா, வீட்டுக்கு ஆகாது" என்று அவன் அம்மா முதல் வாத்தியார் வரை சொல்லிப் பார்த்துவிட்டார்கள். எனக்கு அந்தக் கால் ஆடுவதே பிடித்திருந்தது. எதிரே வரும் பேருந்தின் ஹாரனை வைத்தே ஓட்டுவது எந்த டிரைவர் என்று சொல்வான், அதுவும் பிடித்திருந்தது.

கார் கிடைக்காத சில சனிக்கிழமைகளில் நாங்கள் இருவர் மட்டும் அவன் அப்பாவின் பேருந்தில் ஏறிக் கும்பகோணம் போவோம். எந்த வேலையும் இல்லை. எனக்கு ஜன்னல் சீட்டு, அவன் பக்கத்தில். கும்பகோணத்தில் இறங்கி ஒரு காபி குடித்துவிட்டு அடுத்த பேருந்தில் திரும்புவோம். பாபநாசம் தாண்டியதும் அவன் என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவான். தூக்கத்தில் மட்டும் அந்தக் கால் ஆடாது. தஞ்சாவூர் வராமலே இருந்தால் என்ன என்று தோன்றும். வந்துவிடும்.

அந்த வருடம் ஆடிப்பெருக்கும் நண்பர்கள் தினமும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வந்தன. ஜவுளிக்கடைப் பையன் சென்னை மாலில் வாங்கி வந்த கலர் கலர் ஃப்ரெண்ட்ஷிப் பேண்டுகளைக் காருக்குள்ளேயே எல்லோரும் ஒருவருக்கொருவர் கையில் மாட்டிக்கொண்டோம். முதலாளி எல்லோருக்கும் மாட்டினான். எனக்கு மட்டும் மாட்டவில்லை. கணக்குத் தவறிப்போய்விட்டது, தீர்ந்துவிட்டது என்று கையை விரித்தான். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. சும்மா சுற்றுவதைவிடத் திருவையாற்றில் கூட்டத்தைப் பார்க்கலாம் என்று யாரோ சொல்ல, காரை அங்கே விட்டோம்.

ஆற்றில் அப்போது தண்ணீரே இல்லை. மேட்டூரில் திறக்கவில்லை. படித்துறைக்குக் கீழே வெறும் மணல். பஞ்சாயத்தில் போர் போட்டுக் குழாய் வைத்திருந்தார்கள். அந்தக் குழாய்த் தண்ணீருக்கு முன்னால் பெண்கள் வாழையிலை விரித்து, பழம், காதோலை கருகமணி, ஊறவைத்த அரிசியில் வெல்லம் கலந்த காப்பரிசி எல்லாம் வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கும்பிட்டு முடித்தவர்கள் ஒருத்திக்கு ஒருத்தி கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டார்கள். ஆண்களுக்கும் பையன்களுக்கும் வலது கை மணிக்கட்டில். இதில் மாற்றம் கிடையாது.

முதலாளி கயிறு விற்கிற பெண்ணிடம் ஒன்றை வாங்கிக்கொண்டு என் பின்னால் வந்து நின்றான். "டாக்டர், உனக்கு மட்டும் நான் பேண்ட் மாட்டலேல்ல. இந்தா" என்றான். நான் கையை நீட்டினேன். அவன் ஈரக் கயிற்றை என் கழுத்தைச் சுற்றிப் போட்டுப் பின்னால் முடிந்தான். நழுவுகிறது என்று சொல்லி மறுபடி முடிந்தான். அப்புறம் மறுபடியும். ஒவ்வொரு தடவையும் கயிற்றின் மஞ்சள் தண்ணீர் என் லினன் சட்டைக் காலருக்குள் இறங்கியது.

பக்கத்தில் காப்பரிசித் தட்டோடு நின்ற ஓர் அம்மாள் பார்த்துவிட்டாள். "ஏன் தம்பி, ஆம்பளப் புள்ளைக்குக் கையில கட்டணும். கழுத்துல கட்டிட்டியே, இப்ப கல்யாணம்ல ஆயிடுச்சு" என்றாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் விடவில்லை. எங்கள் இருவர் கையிலும் ஆளுக்கொரு பிடி காப்பரிசியை வைத்து, "இந்தாங்க, கல்யாணச் சாப்பாடு" என்றாள். எங்கள் கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் முதலாளி. "கொடைக்கானல்ல படிச்சவனுக்கு இதெல்லாம் யாரு சொல்லித் தந்தா" என்றான். அதோடு எல்லோரும் நம்பிவிட்டார்கள். நானும் நம்பினேன். கயிற்றைக் கழற்றிக் கையில் கட்டிக்கொண்டேன். அது நைந்து அறுந்து விழும்வரை கையிலேயே இருந்தது.

பிளஸ் டூ முடியும்வரை அது ஒரு நிரந்தரக் கிண்டலாக ஓடியது. அதன்பின் அவன் ஆஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போனான். அவன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததும் பாதியில் திரும்பி வந்து பேருந்துகளைக் கையில் எடுத்துக்கொண்டான். கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைத் தோழனாக மேடையில் பக்கத்திலேயே நான் நின்றேன். எனக்கோ ஒரு வேலையிலும் ஒரு வாடகை வீட்டிலும் காலூன்ற முடியவில்லை. வாரக் கடைசியில் காரணமில்லாமல் மகாபலிபுரம் வரை வண்டி ஓட்டிப் போய், இறங்காமல் திரும்பி வருவேன். தஞ்சாவூர்ப் பழக்கம், விடவில்லை. அவன் தெரியாமல் கட்டிய கயிற்றுக்கு நான் மட்டும் அர்த்தம் வைத்துக்கொண்டு அலைகிறேன் என்று என் மேலேயே எரிச்சல் வரும்.

இந்த வருடம் ஆடிப்பெருக்கும் நண்பர்கள் தினமும் மறுபடியும் ஒரே ஞாயிறில் வந்தன. அன்று சாயங்காலம் குத்தாலத்தில் எனக்குப் பெண் பார்க்கப் போவதாக ஏற்பாடு. பெண் பல் மருத்துவர். "போட்டோவுல பாத்தாச்சு, நேர்ல பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்லிடு. எத்தனை நாளைக்குத் தள்ளுவ" என்றாள் அம்மா. சரி என்றுதான் சொல்வதாக இருந்தேன். இல்லை என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அதற்கு என்னிடம் சொல்லக்கூடிய பதில் இல்லை என்று நினைத்தேன்.

காலையில் அம்மாவோடு திருவையாற்றுக்குப் போனேன். காவிரி இரண்டு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. படித்துறையில் முதலாளி, அவன் மனைவி, சின்னச் சப்பரத் தேரை இழுத்துக்கொண்டு அவர்கள் மகள். "வாங்கண்ணா, உங்களப் பத்திப் பேசாத நாளே இல்ல" என்றாள் அவன் மனைவி. நல்ல பெண். அம்மா அவளோடு சேர்ந்து கும்பிடப் போனாள். நாங்கள் மேல்படியில் உட்கார்ந்தோம். அவன் கால் ஆடிக்கொண்டிருந்தது. சட்டைப்பையிலிருந்து ஒரு மஞ்சள் கயிற்றை எடுத்து என்னிடம் கொடுத்து வலது கையை நீட்டினான். "கட்டிவிடு, டாக்டர்."

கட்டிக்கொண்டே சொன்னேன். "இப்பவாவது எங்க கட்டணும்னு தெரிஞ்சுகிட்டியே."

அவன் சிரிக்கவில்லை. ஆற்றைப் பார்த்துக்கொண்டே பேசினான். "எங்கம்மா வருஷா வருஷம் கொடைக்கானலுக்கே தபால்ல மஞ்சக்கயிறு அனுப்புவாங்க. ஹாஸ்டல் வார்டன்தான் கையில கட்டிவிடுவாரு. எங்க கட்டணும்னு எனக்குத் தெரியாதா?" என் பக்கம் திரும்பினான். "மூணு முடிச்சுப் போட்டேன். நீ எண்ணவே இல்லையா?"

நான் அவன் கையை விடாமல் உட்கார்ந்திருந்தேன். அவன் கால் ஆடுவது நின்றிருந்தது. பேருந்தில் தூங்குகிறபோது நின்றதைப் பார்த்திருக்கிறேன், விழித்திருக்கும்போது பார்த்ததில்லை. அதற்குள் போன் அடித்தது. அய்யம்பேட்டையில் ஏதோ பேருந்து நின்றுவிட்டதாம். எழுந்து பேசிக்கொண்டே இரண்டு படி இறங்கினான், ஏறினான், மறுபடி இறங்கினான். கீழே அவன் மனைவி, குழந்தையின் ஈர உடுப்பை மாற்றிக்கொண்டே நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். இவர் ஏன் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறார் என்று நினைத்திருப்பாளோ என்னவோ. எனக்குச் சந்தோஷம் பொங்கியது. அதே நேரம் அவளை நேராகப் பார்க்க முடியவில்லை. குத்தாலத்தில் ஒரு பெண் இந்நேரம் சாயங்காலத்துக்கு எந்தப் புடவை என்று பார்த்துக்கொண்டிருப்பாள். நான் சரி என்று சொன்னால், இதே படியில் ஒருநாள் அவளும் இப்படி நிமிர்ந்து என்னைப் பார்ப்பாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என் அறைக்குள் நுழைந்தாள். சாயங்காலம் போட்டுக்கொள்ள நல்லதாக ஒரு வெள்ளைச் சட்டை தேடினாள். தட்டுத் தட்டாகக் கலைத்தாள். அப்பா கீழே யாரிடமோ, ஐந்து மணிக்கெல்லாம் குத்தாலம் வந்துவிடுவோம் என்று போனில் சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது. கீழ்த்தட்டிலிருந்து அந்த லினன் சட்டையை அம்மா உருவி எடுத்து உதறினாள். ஜன்னல் வெளிச்சத்தில் காலரைத் திருப்பிப் பார்த்தாள். விரலால் கறையைத் தேய்த்தாள், மோந்தும் பார்த்தாள்.

"மஞ்சள்தானே. ஒருநாள் வெயில்ல போட்டிருந்தா அன்னைக்கே போயிருக்குமே. இத்தனை வருஷமா ஏன்டா இப்படியே வச்சிருக்க?"

எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகச் சுற்றி வளைத்துக் கேட்ட கேள்விதான். இவ்வளவு நேராக யாரும் கேட்டதில்லை. நான் கதவைச் சாத்தினேன். நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"உட்காரும்மா, சொல்றேன்" என்றேன்.

அவள் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.