செவ்வாயா, புதனா? குமாசியில் ஒரு பெயர்க் குழப்பம்

கடந்த பெப்ரவரியில் நானும் கணவரும் கானாவுக்குப் போய்வந்தோம். மேற்கு ஆபிரிக்காவின் பழைய நகரங்களைப் பார்க்கும் ஆசை ஒரு காரணம். எங்கள் சம்பந்தி அமா இன்னொரு காரணம். அவருடைய மகளைத்தான் எங்கள் மகன் கட்டியிருக்கிறான். கனடாவில், ரொறன்ரோவை அடுத்த பிறம்ரனில் பல வருடங்கள் வேலை செய்த அமா, ஓய்வு பெற்றதும் சொந்த ஊரான குமாசிக்குத் திரும்பிவிட்டார். பேத்தி பிறந்து எட்டு மாதமாகியும் நானும் அமாவும் அவளை வேறு வேறு பெயரால் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். இந்தப் பயணத்தில் இதற்கொரு முடிவு காண நினைத்தேன்.

விஷயம் இதுதான். குமாசியின் அசாந்தி மக்கள் பிறந்த கிழமையைப் பெயராக வைப்பார்கள். செவ்வாயில் பிறந்த பெண் அபெனா. புதன் என்றால் அக்குவா. பேத்தி ரொறன்ரோவின் ஸ்காபரோவில் செவ்வாய் இரவு பத்து மணிக்குப் பிறந்தாள். அந்த நேரம் கானாவில் புதன் அதிகாலை இரண்டு. எனக்கு அவள் அபெனா, அமாவுக்கு அக்குவா.

தலைநகர் அக்ராவில் இறங்கி, அங்கிருந்து குமாசிக்குக் காரில் போனோம். 250 கிலோமீற்றர்தான், ஆனால் ஆறு மணி நேரம் எடுத்தது. சாரதியோடு கார் நாளுக்கு எண்பது கனேடிய டொலர். சாரதியின் பெயர் கோஃபி, அதாவது வெள்ளிக்கிழமைக்காரர். வழியில் தேநீருக்கு நிறுத்தியபோது நான் பிறந்த கிழமையைக் கேட்டார். நட்சத்திரத்தைக் கேட்டிருந்தால் உத்தரம் என்று உடனே சொல்லியிருப்பேன். கிழமை எனக்குத் தெரியவில்லை.

"ஊர்ப் பிள்ளையளுக்கெல்லாம் படிப்பிச்ச ரீச்சர், தான் பிறந்த கிழமை தெரியாமல் நிக்கிறா" என்றார் கணவர்.

கோஃபி கைபேசியில் தேடி ஞாயிறு என்று கண்டுபிடித்தார். அன்றிலிருந்து நான் அக்கோசுவா. குமாசிச் சந்தையில் யாரோ அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட, திரும்பிப் பார்த்தேன். என்னோடு இன்னும் மூன்று பெண்கள் திரும்பினார்கள்.

மறுநாள் காலை அமா எங்களை மன்ஹியா அரண்மனை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார். வழிகாட்டியோடு ஒரு மணி நேரம் சுற்றலாம். அசாந்திகளின் பொன் ஆசனத்தில் அரசர்கூட அமர்வதில்லை, மக்களின் உயிர் அதில் இருக்கிறது என்றார் வழிகாட்டி. யாரும் இருக்காத இருக்கை எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. கிழமைப் பெயரும் அப்படித்தான், உயிர் வந்த நாளின் பெயர் அது என்றார் அமா. குழப்பம் கூடியதுதான் மிச்சம்.

நான் புவியியல் ஆசிரியை. உதாரணம் இல்லாமல் எனக்கு எதையும் சொல்லத் தெரியாது. வாசலில் தோல் சீவி விற்ற தோடம்பழம் ஒன்றை வாங்கினேன். பேனையால் ரொறன்ரோவுக்கு ஒரு புள்ளி, குமாசிக்கு ஒரு புள்ளி வைத்து, வெயிலில் சுற்றிக் காட்டினேன். பிள்ளை எங்கே பிறந்ததோ அந்த இடத்து நேரம்தான் கணக்கு, எங்கள் சாதகமும் அப்படித்தான் எழுதுவார்கள் என்றேன். அமா பொறுமையாகக் கேட்டார்.

"பழம் சரி, அக்கோசுவா" என்றார் ஆங்கிலத்தில். "முழங்கால் ஒப்பரேஷன் செய்திருந்ததால் பிரசவத்துக்கு என்னால் வர முடியவில்லை. செவ்வாய் முழுவதும் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருந்தேன். அவள் வரவில்லை. புதன்கிழமைதான் என்னிடம் வந்தாள்."

நான் ஆஸ்பத்திரியில் மருமகளின் அறை வாசலிலேயே இருந்தவள். தோடம்பழத்தைக் கைப்பைக்குள் வைத்தேன்.

பின்னேரம் அஹ்வியா போனோம். குமாசிக்கு வடக்கே அரை மணி நேரத்தில் இருக்கும் மரச் செதுக்கல் கிராமம். பேத்திக்கு ஒரு சிறு மர ஆசனம் வாங்கினோம். அடியில் பெயர் வெட்டித் தருவார்கள். செதுக்குபவர் பெயரைக் கேட்டார்.

"அக்குவா" என்றேன் நான்.

அதே நேரத்தில் அமா, "அபெனா" என்றார்.

செதுக்குபவர் உளியைக் கீழே வைத்தார்.

"எட்டு மாசமாச் சண்டை பிடிச்சவை இப்ப பக்கம் மாறி நிண்டு பிடிக்கினம்" என்று கணவர் என்னிடம் தமிழில் சொன்னார். அமா என்னவென்று கேட்க, மொழிபெயர்த்தேன். அமா சிரித்துச் சிரித்து அந்த ஆசனத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ரொறன்ரோவில் அபெனா என்று கூப்பிட ஒரு வீடே இருக்கிறது, அதனால் இதில் அக்குவாதான் இருக்கவேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். அப்படியே வெட்டினார்கள்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கட்டாயம். பெப்ரவரியில் மழை குறைவு, தூசி அதிகம். பெயர் வெட்டும் கூலியை முதலே பேசிக்கொள்ளுங்கள். மரப் பொருள் கொண்டுவந்தால் கனடாவில் இறங்கும்போது மறைக்காமல் சொல்லுங்கள். முக்கியமாக, பிறந்த கிழமையை அறிந்துகொண்டு போங்கள். அங்கே உங்கள் நட்சத்திரத்தை யாரும் கேட்கமாட்டார்கள்.

குழப்பம் தீர்ந்ததா என்றால், எனக்குத் தெரியாது. பேத்தி இப்போது ஸ்காபரோ வோபர்னில் எங்கள் வீட்டில் அந்த ஆசனத்தைப் பிடித்து எழும்பி நிற்கிறாள். நான் அவளை அக்குவா என்கிறேன். கைபேசித் திரையில் அமா அபெனா என்கிறார். பிள்ளை இரண்டுக்கும் திரும்பிப் பார்க்கிறாள். மகன் எங்களைத் திருத்துவதை விட்டுவிட்டான்.