முன்வரிசையில் அப்பா

எச்.ஐ.வி. பாதித்த குழந்தைகளுக்கு நிதி திரட்ட, மல்லசமுத்திரத்தில் எங்கள் நாடகக்குழு ஒரு நகைச்சுவைக் கூத்து நடத்தியது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி போன நான், ஒட்டுமீசையும் லுங்கியுமாக லாரி டிரைவர் வேடத்தில் இடுப்பை ஆட்டினேன். முன்வரிசையில் என் அப்பா. அவர் நிஜமாகவே லாரி ஓட்டுகிறவர்.

"ஸ்டெப்னி இல்லாம வண்டிய எடுக்க மாட்டேனுங்க. ஆணுறைதான் மறந்துருதுங்க" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் அப்பாவின் முகத்தையே பார்த்தார்கள். அவர் எழுந்து போய்விட்டார். கூட்டமும் கலைந்துவிடுமோ என்ற பதற்றத்தில் எதையோ பேசிக்கொண்டே ஆடினேன்.

சற்று நேரத்தில் அம்மாவை அழைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"இவ வர மாட்டேன்னு ஊட்டுலயே உக்காந்துட்டா சாமி. மொதல்ல இருந்து ஆடு."

கூட்டம் சிரித்தது.

ஆணுறை பற்றிப் பேச வெட்கப்படாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்ல வந்த நான், அம்மாவின் முகத்தைப் பார்க்காமலேயே ஆடி முடித்தேன்.