வலப்பக்கத்துப் போத்தில்

ஹனீபா நானாவின் தொலைபேசி அழைப்பு ஒரு மணியோசைக்கு மேல் அடித்ததே இல்லை. சுபஹ் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் படியிறங்கும்போது ஒரு மணி அடித்துவிட்டு வெட்டிவிடுவார். ‘வெளிக்கிட்டிட்டன், எழும்பும்’ என்று அதற்கு அர்த்தம். நானும் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு பண்ணைக் கடற்கரைக்கு இறங்குவேன். போன மாதம் ஒரு விடியற்காலை அது நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தது. அவருடைய பக்கத்து வீட்டுக்காரர்தான் கதைத்தார். நானாவைத் தொழுகைக்குக் காணவில்லையே என்று போய்ப் பார்த்திருக்கிறார். நித்திரையிலேயே போய்விட்டார் என்றார். சப்பாத்து ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கனநேரம் கட்டிலில் இருந்தேன்.

யாழ்ப்பாணத்தில் ஐந்து சந்திப் பக்கம் அறுந்த வார் தைக்கவோ, பிள்ளையின் பள்ளிக்கூடப் பைக்குச் சிப் மாற்றவோ போனவர்கள் எல்லாருக்கும் அவரைத் தெரியும். தைத்தும் தருவார், ஏச்சும் தருவார். “உவன் என்ன பையுக்கை கல்லோ காவிறவன்?” என்று கேட்டு, பையைத் தலைகீழாக உதறிக் காட்டுவார். உங்களுக்கு அவர் பைக்கடை நானா. எனக்கு அவர் ஏழெட்டு வருடமாக என்னோடு ஓடியவர். அந்த மனிதரைப் பற்றித்தான் நான் சொல்லலாம்.

எனக்குச் சீனி வருத்தம் என்று தெரிந்ததும், ஓடு அல்லது சாவு என்கிற மாதிரி டொக்டர் சொல்லிவிட்டார். நானும் ஒரு பெரிய போத்தில் நிறையத் தண்ணீரைக் கையில் பிடித்துக்கொண்டு பண்ணையில் ஓட ஆரம்பித்தேன். வங்கியில் கதிரையே கதியென்று கிடந்த உடம்பு. தோள் ஒரு பக்கம் சரிந்து, கை விறைத்து, தண்ணீர் உள்ளே களக் களக் என்று அடிக்க, பார்க்கிறவர்களுக்கு நல்ல பகிடியாய் இருந்திருக்கும். எதிரே வந்த ஒரு வெள்ளைத் தாடிக்காரர் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். “தம்பி, போத்திலை அந்தரப்பட்ட பிள்ளையைத் தூக்கின மாதிரிக் காவாதையும். அதை இடுப்போடை அணைச்சுக் கட்டும். பாரம் ஒண்டும் செய்யாது ஐசே, ஆட்டம்தான் ஆளைக் கொல்லும்.” அடுத்த நாள் தானே ஒரு பட்டி தைத்துக்கொண்டு வந்து நின்றார்.

பட்டி தைப்பதில் அவர் பெரிய விண்ணர் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த முதற்பட்டி என் இடுப்புத் தோலை உரித்துவிட்டது. இரண்டாவது ஒழுகி, களிசான் பின்பக்கம் முழுக்க நனைந்து, நான் வெட்கத்தில் சட்டையை வெளியே இழுத்துவிட்டுக்கொண்டு வீடு வந்தேன். அடுத்ததை, வலு திறம் என்று சொல்லித் தானே கட்டிக்கொண்டு ஓடினார். குருநகர்த் தேவாலயத்தில் காலைப் பூசை முடிந்து சனம் வெளியே வருகிற நேரம், அது கழன்று முழங்காலுக்குப் போய்விட்டது. பெண்களெல்லாம் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். “சிரியுங்கோ, சிரியுங்கோ, விடியவெள்ளன சிரிச்சால் உடம்புக்கு நல்லது” என்று சொல்லிக்கொண்டே பட்டியை ஏற்றிக் கட்டினார். கடைசியில் இடுப்பெலும்புக்குப் பின்னால், முதுகோடு ஒட்டி, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தட்டைப் போத்தில் இருக்கிற மாதிரி ஒன்று தைத்தார். அது அசையவேயில்லை.

அதற்குப் பிறகு நான் பட்டி கட்டியதே கிடையாது. அவர்தான் கட்டுவார். இடப்பக்கம் எனக்கு, வலப்பக்கம் அவருக்கு. பண்ணையைத் தாண்டித் தீவுப்பக்கம் போகிற கடற்பாதையில் ஒரு மரம் இல்லை, கடை இல்லை, கிணறு இல்லை. இரண்டு பக்கமும் கடல். பாதி வழியில் நின்று, திரும்பி முதுகைக் காட்டி, “எடும் ஐசே” என்பார். நான் என்னுடையதை உருவிக் குடிப்பேன்.

ஒருநாள் அந்த இடத்தில் நான் பெரிய ஞானி மாதிரி ஒன்று கேட்டுவிட்டேன். தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லாரும் இயக்கத்தின் துவக்குமுனையில் வெளியேற்றப்பட்டபோது, நானாவும் குடும்பத்தோடு கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு புத்தளம் போனவர். கனகாலம் கழித்துத்தான் திரும்பி வந்தார். “அண்டைக்கு வழியிலை தண்ணிக்குக் கஷ்டப்பட்டபடியாலோ நானா இப்ப இவ்வளவு தண்ணி காவிறியள்?” என்றேன்.

மனிதருக்கு வந்ததே கோபம்! “உங்கடை ஆக்களுக்கு நாங்கள் தும்மினாலும் தொண்ணூறுதான் ஞாபகம் வரும். எனக்கு வேர்வை கூட. உமக்குத் தண்ணி காவ அலுப்பும் பஞ்சியும். அதாலை ரெண்டு போத்தில். விசர்க்கதை கதையாமல் ஓடும்!”

ஓடினோம். பண்ணைப் பாலம் தெரிகிற தூரம் வந்ததும் வேகத்தைக் குறைத்தார். என்னைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “தண்ணிக்குக் குறைவில்லை தம்பி. சனம் ரோட்டுக்கரையிலை வாளியோடை நிண்டு அள்ளி அள்ளித் தந்தவை. அழுதழுது தந்தவை. போகாதையுங்கோ எண்டுதான் ஒருத்தரும் சொல்லேல்லை. சொல்லேலாது எண்டு எனக்கும் தெரியும். எண்டாலும்…”

நான் அப்போது சண்டிலிப்பாயில் வெங்காயத் தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிக்கொண்டிருந்த இளந்தாரி. சேதி வந்தபோது மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சும்மா நின்றது ஞாபகம் வந்தது. அவர் “நாளைக்கு நேரத்தோடை வாரும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இந்த வருடத் தொடக்கத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை கீரிமலை வரைக்கும் ஓடினோம். பாதி ஓட்டம், பாதி நடை. “மலை எண்டு பேரை வச்சுப்போட்டு ஒரு மேட்டைக்கூடக் காணேல்லை. நல்ல ஆக்கள் நீங்கள்” என்று வழமையான பகிடியை விட்டார். கேணிக்கு வெளியே, கடலைப் பார்த்த கல்லுக்கட்டின்மேல் இருந்தோம். அவருடைய மனைவி மவுத்தாகி மூன்று வருடம். ஒரே மகள் புத்தளத்தில்.

“மகள் வரச்சொல்லி நிக்கிறாள்” என்றார். “பேரப்பிள்ளையளும் அங்கை. இஞ்சை நான் ஆருக்கு? கடையைக் குடுத்துப்போட்டு அடுத்த மாதம் போவம் எண்டு யோசிக்கிறன்.”

யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது. “போகாதையுங்கோ நானா.”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கண் கலங்கியது வெயிலாலா என்று தெரியவில்லை. பிறகு முதுகைக் காட்டி, “எடும் ஐசே, குடியும். இன்னும் கனதூரம் கிடக்கு” என்றார். மற்ற நாள் விடியத் தொலைபேசி ஒரு மணி அடித்து நின்றது. அதற்கடுத்த நாளும் அடித்தது. போவதைப் பற்றி அவர் பிறகு வாய் திறக்கவில்லை. ஞாபகப்படுத்திவிடுவேனோ என்ற பயத்தில் நானும் கேட்கவில்லை.

ஜனாஸாவுக்கு மகள் மதியத்துக்கிடையில் வந்து சேர்ந்தாள். அஸர் தொழுகைக்குப் பிறகு சந்தூக்கைத் தூக்கினார்கள். நானும் ஒரு பக்கம் தோள் கொடுத்தேன். தூக்குகிற அந்த நேரத்தில், பக்கத்தில் நின்றவருக்குக்கூடக் கேட்காமல், கீரிமலையில் சொன்ன அந்தச் சொல்லை இன்னொருமுறை சொன்னேன். இந்தமுறை அவர் கேட்கவில்லை.

அடக்கம் முடிந்து மையவாடியிலிருந்து திரும்பி வந்தபோது மகள் என்னை முற்றத்தில் மறித்தாள். “உங்களாலதான் அங்கிள் வாப்பா வரல்ல. எத்தனை தரம் கூப்பிட்டன். ஒரே பதில்தான். ‘ஊரிலை ஒருத்தன் போகாதையுங்கோ எண்டு சொல்லிப்போட்டான் மகள், இனி எப்பிடி வாறது’ எண்டு.” அவள் குரலை உயர்த்தவில்லை. “வந்திருந்தா இந்தக் கொஞ்ச மாசமாவது என்னோட இருந்திருப்பார்.”

அது உண்மை. “ஓம் பிள்ளை” என்று மட்டும் சொன்னேன். அவளுடைய நாட்களைத்தான் நான் அனுபவித்திருக்கிறேன். ஆனாலும் அந்தச் சொல்லை இப்போது திருப்பி எடுக்கச் சொன்னால் என்னால் முடியாது. அவள் உள்ளே போய், கதவுக்குப் பின்னால் தொங்கிய பட்டியை எடுத்துவந்து என் கையில் வைத்தாள். இரண்டு போத்திலிலும் தண்ணீர் இருந்தது. இரவே நிரப்பி வைத்திருக்கிறார்.

இப்போது என்னை எழுப்ப ஆளில்லை. நானாகத்தான் எழும்புகிறேன். முதல்நாள் என் போத்திலை மட்டும் நிரப்பிக்கொண்டு போனேன். பட்டி ஒரு பக்கம் இழுத்து, ஆடி ஆடி, பாலம் தாண்டுவதற்குள் இடுப்பை அராவிவிட்டது. அதனால் இப்போது இரண்டையும் நிரப்புகிறேன். கடற்பாதையின் நடுவில் நின்று இடப்பக்கத்தை உருவிக் குடிக்கிறேன். வலப்பக்கத்தில் கை வைப்பதில்லை. அது நிறைந்தபடியே என்னோடு வீட்டுக்கு வருகிறது.

பாரம்தான் நானா. ஆனால் ஆடவில்லை.