ஒரு ‘ஓம்’ மலையிறங்கிய விதம்

சுவிஸில் இன்டர்லாக்கனுக்கு மேலே, ஆட்களைவிட மாடுகள் அதிகமாக வசிக்கும் மலைச்சரிவில் ஒரு ஹோட்டல். நான் அங்கே சமைக்கிறேன். இணையம் கிடையாது. அதைக் குறையென்று நினைத்துவிடக் கூடாது. நாங்கள் விற்பதே அதைத்தான். விருந்தினர்கள் கைபேசியை வரவேற்பில் ஒப்படைத்துவிட்டு, அந்த அமைதிக்குத் தனியாகக் கட்டணமும் கட்டுவார்கள். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கையில் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் நின்றாலும் படம் தெளிவாக ஓடும் என்று ஒருமுறை முதலாளியிடம் சொன்னேன். அவர் அனுதாபத்தோடு தலையாட்டினார்.

சிக்னல் கிடைப்பது ஓரிடத்தில் மட்டும். உருளைக்கிழங்கு வைக்கும் நிலவறைக்குப் பின்னால், ஒருவர் மட்டும் நிற்கக்கூடிய ஒரு கல். அது சமையலறைக்காரர்களுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம் என்று நம்பியிருந்தோம்.

ஊரில் அப்பா செத்தபோது இங்கே பெருங்காற்றில் கேபிள் கார் நின்றிருந்தது. இறங்க வழியில்லை. எனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். அழுகை வரவில்லை. வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்ததால் அந்தக் குறை வெளியே தெரியவில்லை.

தகப்பனுக்குக் கொள்ளி வைப்பவன் மூத்த மகன். நான் இல்லாத இடத்தில் தம்பி வைப்பான், அதைச் சொல்லவும் வேண்டுமா என்றிருந்தேன். காலைச் சாப்பாட்டு வேலை முடிந்து, கல்லில் ஏறி நேரலையைத் திறந்தால், சுடலையில் எல்லோரும் சும்மா நிற்கிறார்கள். தம்பி அழைத்தான்.

“அண்ணை, பெரியாக்கள் உங்கடை வாயாலை கேக்கவேணுமாம். நான் வைக்கட்டோ?”

“ஓம், வை” என்றேன். அவன் முகம் வாய் திறந்தபடி உறைந்திருந்தது. திரும்பவும் சொன்னேன். அழைப்பு அறுந்தது. ‘ஓம், நீயே வை’ என்று எழுதி அனுப்பினேன். போகவில்லை, பக்கத்தில் சின்னக் கடிகாரம் மட்டும் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து அடுப்பில் ஏதோ கருகுகிறதென்று உள்ளே கூப்பிட்டார்கள்.

திரும்பி வந்தால் கல்லில் சோலோதுர்ன் நகரத்திலிருந்து வந்திருந்த விருந்தினர் அம்மையார். ஒப்படைக்காத இரண்டாவது கைபேசியில், பூனைக்கு மாத்திரை கொடுக்கும் முறையைப் பக்கத்து வீட்டுக்காரிக்கு விளக்கிக்கொண்டிருந்தார். ‘கொஞ்சம் நகருங்கள், என் அப்பாவை எரிக்க வேண்டும்’ என்பதை ஜெர்மனில் மரியாதையாகச் சொல்ல இத்தனை வருடத்தில் நான் படித்திருக்கவில்லை. வரிசையில் நின்றேன். இந்த நாட்டில் எனக்குக் கைவந்த ஒரே கலை அது.

பூனை ஒருவழியாக விழுங்கியது. முதலாளியிடம் சொல்லிவிட வேண்டாம் என்று அம்மையார் கேட்டுக்கொண்டார். சொல்லமாட்டேன் என்றேன். என் திரையில் உறைந்து நின்ற மாலைகளையும் வேட்டிகளையும் பார்த்துவிட்டு, கல்யாணமா என்று கேட்டார். குடும்ப நிகழ்ச்சி என்றேன். வாழ்த்தினார். நன்றி சொன்னேன்.

கல்லில் ஏறியதும் கடிகாரம் மறைந்தது. ஒற்றைச் சரி, இரட்டைச் சரி, பிறகு நீலம். படம் அசைந்தது. தம்பி கைபேசியை நீட்ட, ஒரு பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு வாசித்தார்.

“சரி, மூத்தவன் சொல்லிப்போட்டான். வை தம்பி.”

கொள்ளி வைப்பவன் பார்க்கக் கூடாது. தம்பி சிதைக்கு முதுகைக் காட்டி நின்று, பின்கையால் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்தான். முறைப்படி முகத்தைத் திருப்பியிருக்க வேண்டியவன் நான். கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன்பிறகு படம் ஒருதரம்கூட நிற்கவில்லை.