மிஷன் தோட்டத்துச் செம்போத்து

வீட்டுக்கு வீடு புது ராஜா படம் மாட்டிய வருஷம் அது. என் மனைவிக்கு இரண்டு நாளாக வலி, பிள்ளை இறங்கவில்லை. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். பாளையங்கோட்டை மிஷன் ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டரம்மா ஆயுதம் போட்டு எடுத்துவிடுவாள் என்றார்கள். எட்டு மைல். விடிந்ததும் வில்வண்டியில் அவளைப் படுக்கவைத்து, அம்மாவைத் துணைக்கு ஏற்றினோம். அப்பா முன்னால் வண்டிக்காரர் பக்கம் உட்கார்ந்தார். நான் கூடவே நடந்தேன்.

அப்பா சகுனம் பார்க்காமல் வாசற்படி தாண்டமாட்டார். வாய்க்கால் பாலத்திலேயே ஒரு செம்போத்து குறுக்கே போய்விட்டது.

"நிறுத்துலே. பட்சி சரியில்ல. ஒரு நாழிகை இருந்து, தண்ணி குடிச்சிட்டுப் போவோம்."

"எப்பா, அவ துடிக்கா!"

"அவளுக்காகத்தாம்லே சொல்லுதேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பறவையைக் கல்லால் அடித்திருப்பேன். அப்பாவை எதிர்த்துப் பேச மட்டும் நாக்கு எழவில்லை. இருபத்துமூன்று வயசு, முறுக்கின மீசை வேறு. என்ன பிரயோசனம்?

பழைய வேதக்கோயில் சிலுவையைத் தாண்டியதும் புளியமரத்தில் ஒரு கரிச்சான் குருவி. அது கத்தினால் ஒரு பலன், கத்தாவிட்டால் ஒரு பலன். மறுபடியும் நின்றோம். வாயைத் திறந்து தொலையேன் சனியனே என்று மனசுக்குள் கெஞ்சினேன். அது கத்தவேயில்லை. வண்டிக்குள் அவள் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. அலறினபோதுகூட எனக்கு அவ்வளவு பயமில்லை.

பாளையங்கோட்டை எல்லையில் மிஷன் பங்களாக்களின் தோட்டங்கள் வந்தன. வெயிலில் அப்பா தூங்கிவிட்டார். அப்பாடா, இனி நிறுத்த ஆளில்லை! ஆஸ்பத்திரிக் கூரைகூடத் தெரிந்தது. அப்போது மாதுளைச் செடிக்குள்ளிருந்து ஒரு செம்போத்து கிளம்பி, மாட்டுக்கு முன்னால் தாழப் பறந்தது. காலையில் போன அதே திசை. நான் ஒருத்தன்தான் பார்த்தேன்.

அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

"நிறுத்தும்" என்று வண்டிக்காரரிடம் சொன்னது என் வாய்தான். ஒரு நாழிகை நின்றோம். கூஜாத் தண்ணீரை நானே குடித்தேன்.

பிள்ளை உயிரோடு வரவில்லை. ஆண். "கொஞ்சம் முந்தி வந்திருக்கலாமே" என்றாள் டாக்டரம்மா. நல்ல சுத்தமான தமிழில் சொன்னாள்.

மூன்றாம் நாள் என் மனைவி கேட்டாள்.

"வண்டி ஏன் அங்கன அங்கன நின்னுது?"

"அப்பா பட்சி பாத்தாவ."

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள்.

"கடைசியா நிக்கும்போது, மாமா குறட்டை விட்டது எனக்குக் கேட்டுது" என்றாள்.